அந்தோனியாருக்கு நேர்ந்த சேவல்

அடைக்கலமேரியின் புருஷன் சூசைராஜ் நாற்பத்தொன்பதில் பினாங்குக்குக் கப்பலேறினான். மூன்று வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். செத்துப்போனான் என்றது ஒரு வாய், சீனத்தியைக் கட்டிக்கொண்டான் என்றது இன்னொரு வாய். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மேரி ஒரு சேவல் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்க் கோவிலில் அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் நின்றாள். காணாமல் போனதைத் தேடித் தருகிற புனிதர் அவர். "அவுக வந்து சேந்தா இதை ஒங்க திருநாளுக்குக் கொண்டாந்து விடுறேன்" என்று நேர்ந்துகொண்டாள்.

நேர்ந்த சேவல் இடையில் செத்தால் கேட்டது கிடைக்காது என்பது ஊர் நம்பிக்கை. அதை அறுக்கக் கூடாது, விற்கக் கூடாது, மருந்துகூடப் போடக் கூடாது. புனிதரின் உடைமைக்கு மனுஷி வைத்தியம் பார்த்தால் அவர்மேல் நம்பிக்கை இல்லை என்றாகிவிடுமாம்.

இரண்டாம் வருஷம் சேவல் சோர்ந்தது. கொண்டை வெளுத்தது. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றது. எச்சத்தில் வெள்ளை நூல்போலப் புழு நெளிந்தது. இறகை விலக்கினால் கொத்துக் கொத்தாக ஈர், ஓடுகிற பேன்.

"கோவில் எண்ணெயைத் தடவு மேரி, அவரு பாத்துக்குவாரு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி சின்னப்பிள்ளை.

பத்து நாள் தடவினாள். புனிதர் கடல் தாண்டி ஆள் தேடப் போயிருந்தார் போலும், பேன் பார்க்க அவருக்கு நேரம் ஏது! ஒரு காலையில் சேவல் கூவவில்லை.

யாருக்கும் சொல்லாமல் வசம்பை இடித்துச் சலித்த சாம்பலில் கலந்தாள். உச்சி வெயிலில் ஊர் கண்ணயர்ந்த நேரம், கொல்லையில் வேம்பு நிழலில் உட்கார்ந்து சேவலை மடியில் மல்லாத்தினாள். உதறிய சேவல், வயிற்றை நீவிவிட நீவிவிட அடங்கி, கால்களை நீட்டியபடி கிடந்தது. கண் திறந்திருந்தது, பார்வை எங்கோ இருந்தது. மல்லாத்திப் பிடித்த கோழிக்கு அப்படி ஒரு மயக்கம் வரும். இறகை எதிர்ப்பக்கமாக ஊதி ஊதிப் பொடியைத் தேய்க்கையில் அவளுக்கும் அதே மயக்கம் வந்தது. தரையில் அசைந்த நிழல் மெல்ல மெல்லத் தண்ணீரானது. அவள் கண்டறியாத கடல். அதற்கப்பால் ரப்பர் மரங்களுக்கு நடுவே முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் போய்க்கொண்டிருந்தான். கூப்பிட வாயெடுத்தாள். சேவல் காலை உதறியது, ஆள் போய்விட்டான்.

புழுவுக்கு வேப்பங்கொழுந்தையும் கொட்டைப்பாக்குத் தூளையும் அரைத்து, மிளகளவு உருட்டித் தொண்டைக்குள் தள்ளினாள். எச்சம் சுத்தமானது, பேனும் உதிர்ந்தது. ஆனாலும் கொண்டை சிவக்கவில்லை. ஒரு விடியலில் சேவலை மூடியிருந்த கூடையைத் தூக்கியபோதுதான் கண்டாள். மூங்கில் பிளவுகளுக்குள் ரத்தம் குடித்துச் சிவந்த பொடிப் பூச்சிகள் ஓடி ஒளிந்தன. பகலில் கூடையில் பதுங்கி இரவில் சேவலை மேய்ந்திருக்கின்றன.

"வைத்தியம் சேவலுக்கு, வியாதி கூடையிலயா!" என்று தலையில் தட்டிக்கொண்டாள். கூடையை அடுப்பில் போட்டு எரித்தாள். புதுக் கூடைக்கு வேப்பெண்ணெய் பூசினாள். மிஞ்சிய ஈர் பொரிக்கும் நாள் பார்த்து மறுபடி பொடி போட்டாள். ஒரு மாதத்தில் சேவல் கூவியது.

"பாத்தியா, எண்ணெய் கேட்டுருச்சு" என்றாள் சின்னப்பிள்ளை.

"ஆமாங்கக்கா" என்றாள் மேரி.

பேன் இல்லாத மத்தியானங்களிலும் சேவல் அவள் மடியில் மல்லாந்தது. மயக்கத்தில் வரும் அந்த ஆள் மட்டும் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐம்பத்தேழில், திருநாளுக்கு முந்தின சாயங்காலம், தகவல் சொல்லாமல் சூசைராஜ் வந்து நின்றான். ஒரு டிரங்குப் பெட்டி, பாதி நரைத்த தலை. மேரி அழுதாள், சிரித்தாள், சோறு போட்டாள். அவன் தூங்கி எழும்முன் சேவலைக் கோவிலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாயிற்று, நெஞ்சுதான் கேட்கவில்லை.

நேர்ச்சைக் கோழிகளைப் பூசை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். மத்தியானம் சூசைராஜ் சிரித்துக்கொண்டே வந்தான். கையில் அந்தச் சேவல்.

"ஏட்டிக்குப் போட்டியாக் கேட்டாய்ங்க, நான் விடலையே! கொழம்பு வையி மேரி."

"மாட்டேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் சொல்லியிராத சொல் அது. அவன் திகைத்தான். "ஒரு சேவலுக்கா?"

"ஊரே நீங்க வரமாட்டீங்கன்னுச்சு. நானும் இதுவுந்தான் காத்துக் கெடந்தோம். ஒங்களுக்காகத்தான் இதைச் சாக விடாம வச்சிருந்தேன்." நேர்ந்தது, புழு, பேன், திருட்டு வைத்தியம், எல்லாவற்றையும் கொட்டினாள்.

சூசைராஜ் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். "வரக்கூடாதுன்னுதான் இருந்தேன் மேரி. போன வருசம் வரைக்கும்" என்றான்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவன் கையிலிருந்து சேவலை வாங்கிக் கீழே விட்டாள். அது இறகைச் சிலுப்பிக்கொண்டு குப்பைமேட்டைப் பார்த்து நடந்தது.

திருநாளும் அதுவுமாக அந்த வீட்டில் பருப்பு ரசம்தான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.