நூற்றுப் பன்னிரண்டு படங்களும் ஒரு தகரப் பெட்டியும்

ஆவடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் வாளிக்குக்கூட டோக்கன் நம்பர் உண்டு. ஒரு குழாய்க்கு எட்டு வீடு. எட்டு வீட்டு வாளியும் ஒரே கடையில் வாங்கியது. அதனால் ஃபாக்டரியில் வீட்டுக்காரருக்குக் கொடுத்த நம்பரைச் சிவப்பு பெயிண்டில் வாளியின் வயிற்றில் எழுதிவிடுவோம். கட்டில், இஸ்திரிப் பெட்டி, குழந்தையின் நடைவண்டி, எல்லாவற்றிலும் அவர் நம்பர். வாசலில் அவர் பெயர். பெண்களையும் அப்படித்தான் அடையாளம் வைத்திருந்தோம். வீட்டுக்காரருக்கு ஃபாக்டரியில் எந்தப் பிரிவோ அதை வைத்து, பெயிண்ட் ஷாப் அம்மா, டூல் ரூம் அம்மா என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலி, கோயம்புத்தூர், தஞ்சாவூர் என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்த சனம். பெயர் மறந்துபோகும், ஷாப் மறக்காது. என் வீட்டுக்காரர் ஸ்டோர்ஸில் இருந்தார். நான் ஸ்டோர்ஸ் அம்மா. அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நான் செய்த தப்புக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில், பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு, பூந்தமல்லியில் ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் லைப்ரரியில் எனக்கு வேலை கிடைத்தது. நான் எட்டாவதுக்கு மேல் பள்ளியில் படித்தவள் இல்லை. ஆனால் கடலை மடித்த காகிதத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் கீழே போடுவேன். கையெழுத்தும் நன்றாக இருக்கும். குவார்ட்டர்ஸில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பழகிய கை. புத்தகங்களுக்கு நம்பர் போட்டு நோட்டில் ஏற்றுவதற்கு அது போதும் என்று ஹெச்.எம். நினைத்தார். அவர் தலை நரைத்த மனிதர். சிரிக்காமலே சிரிக்க வைப்பார்.

புத்தகங்களை ஏற்றி முடித்ததும் டிராயிங் டீச்சர் என்னைத் தேடி வந்தார். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் ஆவடிக்கு வந்து, பஸ் மாறி, தினமும் முதல் மணிக்கு முன்னால் வந்துவிடுகிற பெண். என்னைவிடப் பத்து வயது இளையவர். லைப்ரரி அலமாரிக்குப் பின்னால் இருந்த ஒரு தகரப் பெட்டியை அவரும், பள்ளியைப் பெருக்கித் துடைக்கிற ஆயாம்மாவும் இழுத்து வெளியே வைத்தார்கள்.

பெட்டிக்குள் படங்கள். எல்லாம் தண்ணீர் வண்ணத்தில் வரைந்தவை. பூந்தமல்லியில் அந்தக் காலத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் உடம்பு தேற வந்து தங்குவார்கள். அங்கே இருந்த ஒரு பட்டாளத்துத் துரையின் பெட்டி அது. விக்டோரியா ராணி காலத்துக் காகிதம் என்று டீச்சர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். மூடியில் வெள்ளை பெயிண்டில் துரையின் பதவியும் பெயரும் கொட்டை எழுத்தில் இருந்தன.

"அக்கா, இதுக்கெல்லாம் ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க. லிஸ்ட் இருந்தாதான் பத்திரமா இருக்கும். என் க்ளாஸ்ல பசங்க பாத்து வரைய இத்தனை வருஷமா ஒரு ஆப்பிள் படமும் ஒரு கூஜா படமும்தான் மாட்டியிருக்கு. எந்தப் புள்ள ஊட்டுல ஆப்பிள் இருக்கு?" என்றார் டீச்சர்.

படங்களை விரித்ததும் அவர் சொன்னது புரிந்தது. எருக்கம்செடி, ஏரிக்கரை, கோரைப்புல், கிணற்றடியில் துணி துவைக்கிற பெண், கொல்லையில் குஞ்சுகளோடு கிளறுகிற கோழி. எல்லாம் நம் தெருவில் நடந்துபோனால் காலில் படுகிற சாமான்கள்.

நான் எனக்குத் தெரிந்த முறையில் வேலையை ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் ஸ்டோர்ஸில் எப்படி எழுதுவாரோ அப்படி: எண், விவரம், அளவு, நிலை, யாருடையது. தையல் டேப்பால் நீள அகலம் எடுத்தேன். நிலை என்ற கட்டத்தில் நல்லது, பழுது என்று எழுதினேன். செடிகளின் பெயர் தெரியாதபோது அடையாளம் குறித்துக்கொண்டு போய்க் குழாயடியில் கேட்பேன். ஒரு நாள் நான் இலையை விவரித்து முடிப்பதற்குள் டூல் ரூம் அம்மா, "அது குப்பைமேனில்லா" என்றார். உடனே பெயிண்ட் ஷாப் அம்மா, "எங்கூர்ல பூனைவணங்கின்னு சொல்லுவோமுங்க" என்றார். இரண்டு பேருக்கும் கோபம் வராமல் இருக்க இரண்டையும் எழுதினேன். தண்ணீர் நின்றது தெரியாமல் வாளியை வைத்துக்கொண்டு எருக்கு வெள்ளையா ஊதாவா என்று பேசிக்கொண்டிருந்த காலைகள் அவை. எனக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது.

யாருடையது என்ற கட்டத்தில் நான் யோசிக்கவே இல்லை. பெட்டியில் யார் பெயர் இருக்கிறதோ அவருடையது. நூற்றுப் பன்னிரண்டு வரியிலும் துரையின் பெயரை முத்து முத்தாக எழுதி, "வரைந்தவர் மேற்படி துரை" என்று முடித்துக் கொடுத்துவிட்டேன். ஹெச்.எம். அதை டைப் அடித்து ஒரு பிரதியை எங்கோ அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. பட்டணத்தில் ஒரு பெரியவர், பட்டாளத்து அதிகாரிகள் வரைந்த படங்களை ஒரு ஹாலில் சேர்த்து வைக்கிறாராம். லிஸ்டைப் பார்த்து ரொம்ப சந்தோஷமாம். ஒரு அதிகாரி இத்தனை வரைந்திருப்பது அபூர்வமாம். வெள்ளிக்கிழமை வந்து பெட்டியோடு எடுத்துக்கொள்கிறாராம். பள்ளிக் கமிட்டியும் சரி என்றுவிட்டது. துரையின் சொத்து துரைகளுக்கு மரியாதை செய்கிற இடத்தில் இருப்பதுதானே முறை என்றார்களாம்.

டீச்சர் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்தார். திரும்ப விரித்தார். பிறகு மெதுவாக, "கோழிப் படத்தையாவது ஒண்ணு காப்பி பண்ணி வெச்சுக்கறேன்" என்றார்.

பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் லிஸ்ட் கேட்டார். அந்த லிஸ்டே பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

புதன்கிழமை மத்தியானம், கொடுத்தனுப்புவதற்காகப் படங்களை நானும் ஆயாம்மாவும் வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றாக வைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். ஆயாம்மா அந்த ஊர்க்காரர். அவருடைய அம்மாவும் அப்பாவும் ஏரிக்குக் கீழே கூலி நடவுக்குப் போனவர்கள். அவர் பள்ளிக்கூடத்து வேலைக்கு வந்தார்; தம்பி அம்பத்தூரில் லேத்து ஓட்டினான். எனக்கும் அவருக்கும் ஒரே வயதிருக்கும், ஆனாலும் என்னை யக்கா என்பார். அவர் வாயிலிருந்து வருவதை எழுதி வைக்கவே எனக்குத் தனி நோட்டு வேண்டும்.

கோழிப் படத்தைத் துணியில் வைக்கப்போனவர் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"யக்கா, இந்தத் தொர இன்னா வேல பாத்தாரு?"

"பட்டாளத்துல அதிகாரி."

"காலைல பரேடுக்குப் போமாட்டாரா?"

"போவாரு. ஏன்?"

"நெழலப் பாரு. கோயி காலாண்டயே கீது. உச்சி வெயில். பரேடுலேர்ந்து வந்து அந்நேரத்துல எந்த ஆம்பள சமையக்கட்டு பின்னாடி குந்திகினு கோயியப் பாத்துகினு இருப்பான்? எங்கூட்டுக்காரரு கோயிய கொழம்புலதான் பாத்துகீறாரு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்தோம். கிணற்றடி, கொடியில் துணி, முறத்தில் அரிசி, ஜன்னல் வழியாகத் தெரிகிற ஏரி. பட்டாளம் ஒரு படத்தில்கூட இல்லை. ஒரு துப்பாக்கி, ஒரு குதிரை இல்லை. இத்தனையும் அளந்து எழுதிய எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"ஆனா இத வெச்சு எழுத முடியாது, ஆயாம்மா. கோழி பாக்குற ஆம்பளையும் இருக்கலாம்" என்றேன். பெட்டியைக் காப்பாற்றுவதற்காக ஒரு பொய் லிஸ்ட் எழுத எனக்கு மனசில்லை.

"சரி, இன்னும் பாப்போம். இன்னா அவசரம்" என்று அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எண்பத்தேழாவது படத்தில் நின்றார். அதை நான் லிஸ்டில் எப்படி எழுதியிருந்தேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது: "ஆண் உறங்குதல். நிலை நல்லது." சாய்வு நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். பட்டாளத்துக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்குகிறது. பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கால் இரண்டையும் ஒரு பெட்டியின் மேல் போட்டிருக்கிறார்.

ஆயாம்மா படத்தைப் பார்த்தார். பக்கத்தில் திறந்து கிடந்த தகரப் பெட்டியைப் பார்த்தார். மூடியைச் சாத்தினார்.

"யக்கா, இங்க நசுங்கிக்கீது பாரு. இங்கயும் அதே மூலைல நசுங்கிக்கீது."

இடது மூலையில் அதே பள்ளம். படத்தில் இருந்த பெட்டியிலும் வெள்ளையாக எழுத்துகள். எறும்பு அளவுதான். லைப்ரரி பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். பெயரின் முதல் மூன்று எழுத்தும் பிசகாமல் இருந்தன. மிச்சத்தைத் துரையின் குதிகால் மறைத்துக்கொண்டிருந்தது.

"இவுருதான் தொர. இவுரு தூங்கினு கீறாரு. அப்போ வரைஞ்சது யாரு?" என்றார் ஆயாம்மா. பிறகு அவரே, "எதுர்ல குந்திகினு இருந்தவதான்" என்றார்.

டீச்சரைக் கூட்டிவந்தோம். அவர் படத்தைப் பார்த்த அளவுக்கு அதன் ஓரத்தையும் பார்த்தார். கீழ் மூலையில், நான் கறை என்று நினைத்து விட்டிருந்த நீலத் தீற்றல் ஒரு பாவாடையின் மடிப்பு. வரைந்தவளின் மடி. இதே நீலம் கோழிப் படத்தின் ஓரத்திலும் இருந்தது. இன்னும் பதினாறில் இருந்தது.

மூன்று பேருமாக ஹெச்.எம். அறைக்குப் போய்ப் பெட்டியை மேஜை மேல் வைத்து, படத்தைப் பக்கத்தில் வைத்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தூங்கிக்கிட்டே பாடம் நடத்துறவங்க நம்மகிட்ட இருக்காங்க. தூங்கிக்கிட்டே படம் வரையறவங்க இல்ல" என்றார். "லிஸ்டைத் திருத்தி எழுதுங்கம்மா."

அங்கேதான் ஒரு சங்கடம். யார் பெயரை எழுதுவது? நூற்றுப் பன்னிரண்டு காகிதத்தையும் திருப்பிப் பார்த்தோம். எங்கேயும் ஒரு பெயர் இல்லை. துரையின் மனைவி என்று எழுதலாம் என்றார் ஹெச்.எம். எழுதலாம்தான். எங்கள் குழாயடியில் அப்படித்தானே கூப்பிடுவோம். ஆனால் பேனா அந்தக் கட்டத்துக்கு வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை.

"எங்க ஆளுங்க தொரசாணின்னுதான் சொல்லுவாங்க. அத்தயே போடு. பேரு தெரியலன்னா இன்னா, ஆளு தெரியுதில்ல" என்றார் ஆயாம்மா.

இரண்டு நாள் லைப்ரரியைச் சாத்திக்கொண்டு எழுதினேன். வரைந்தவர்: துரைசாணி. நூற்றுப் பன்னிரண்டு தரம். விவரத்தையும் மாற்றினேன். எண்பத்தேழில், "துரை உறங்குதல். துரைசாணி எதிரே அமர்ந்து வரைந்தது" என்று போட்டேன்.

வெள்ளிக்கிழமை பட்டணத்துப் பெரியவர் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. புது லிஸ்டை வரி வரியாகப் படித்தார். எண்பத்தேழைப் பார்த்துச் சிரித்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "நல்ல படங்கள்தான். ஆனா எங்க ஹால் அதிகாரிங்க வரைஞ்சதுக்கு மட்டும்தான். வீட்டம்மாங்க பொழுதுபோக்கா வரைஞ்சத எடுத்துக்க ஆரம்பிச்சா இடம் பத்தாது" என்றார்.

டீச்சர் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்த வார்த்தைக்கு வேறொரு நாள் அவர் பதில் சொல்லியிருப்பார். அன்றைக்குப் படங்கள் இங்கேயே தங்கின, அதுவே அவருக்குப் போதும். நாற்காலியை மெல்ல விட்டார்.

"இந்தத் தூங்கற படத்தை மட்டும் குடுக்கலாமே? அதிகாரியோட உருவம்" என்று கேட்டார் பெரியவர்.

"மத்த நூத்துப் பதினொண்ணுக்கும் அதுதான் சார் சாட்சி" என்றேன் நான்.

"அப்போ பெட்டி? பெட்டி அவருதுதானே. பேரே எழுதியிருக்கு."

நாங்கள் மூன்று பேரும் ஹெச்.எம். முகத்தைப் பார்த்தோம். அவர் லிஸ்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலால் தேடினார்.

"பெட்டி இதுல இல்லையே சார். லிஸ்ட்ல இல்லாத பொருள நான் எப்படி வெளிய அனுப்புறது?"

அது வாஸ்தவம். படங்களை எழுதுகிற மும்முரத்தில் பெட்டியை எழுத எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்டோர்ஸில் இப்படி விட்டிருந்தால் வீட்டுக்காரருக்கு மெமோ வந்திருக்கும். பெரியவர் அதற்கும் சிரித்துவிட்டு, கை கூப்பிவிட்டு, காரில் ஏறினார்.

அவர் போன பிறகு டீச்சர் கோழிப் படத்தை எடுத்துக்கொண்டு நேராக வகுப்புக்குப் போனார். சுவரிலிருந்து ஆப்பிள் படத்தைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ஆயாம்மா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "எத்தினி வருசமா தூங்கினு கீறாரு. இன்னும் கொஞ்ச நாள் இங்கயே தூங்கட்டும்" என்றார்.

நான் லைப்ரரிக்கு வந்து நோட்டைத் திறந்து, கடைசி வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டு எழுதினேன்:

113. தகரப் பெட்டி, ஒன்று. இடது மூலை நசுங்கல். மூடியில் பெயர் உள்ள துரையுடையது. எண் 87-ஐ விட்டுப் பிரிக்கக் கூடாது.