கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தவர்

நீங்கள் பொய் சொன்னீர்கள், சார். நான் உள்ளே வந்ததால்தான் கம்ப்யூட்டர் கெட்டது என்று சொன்னது பச்சைப் பொய்.

அப்போது நான் திருச்சியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ கடைசி வருஷம். ஏதாவது ஒரு கம்பெனியில் பயிற்சி எடுத்து சர்டிபிகேட் வாங்கி வந்தால்தான் பாஸ் போடுவார்கள். எண்பதுகளில் எங்கள் பக்கம் கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவனே குறைவு. மெட்ராஸ் கம்பெனிகளுக்கு எழுதிப் போட்டேன். ஒருத்தனும் பதில் போடவில்லை. பெரம்பலூரில் தேடினால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்தான் இருந்தது. கடைசியில், அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் சம்பளக் கணக்குப் போடக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து நின்றேன். சும்மா வரவில்லை. காலேஜில் மிஷினைத் தொட விடுவதே அபூர்வம் என்பதால், புரோகிராம்களைப் பேப்பரில் எழுதி எழுதியே கற்றிருந்தேன்.

கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர் நீங்கள். புரோகிராம் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

"எந்த ஊருப்பா?"

"குன்னம் பக்கங்க."

"பக்கம்னா? ஊருக்குள்ளயா, வெளியிலயா?"

சொன்னேன்.

"சரி, அந்தக் கம்ப்யூட்டர் ரூம் கண்ணாடிக்கு வெளியில ஸ்டூல் போட்டு உக்காரு. உள்ள தூசு ஆகாது."

தூசு! வேப்பமரம்கூட வெள்ளையாக நிற்கும் ஊர் அது. உங்கள் தலையிலேயே ஒரு படி சிமெண்ட் இருந்தது. மிஷினுக்கு ஆகாதது என் காலில் ஒட்டிய தூசு மட்டும்தான்.

வெளியே உட்கார்ந்தே பயிற்சி எடுத்தேன். "டூரிங் கொட்டாயில படம் பாத்ததில்லையா தம்பி? அப்படியே பாத்துக் கத்துக்க" என்று உள்ளே மிஷினை ஓட்டும் ஆபரேட்டர் கிண்டல் செய்வார். அவராவது சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஆயுத பூஜை வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு நீங்களே உள்ளே போனீர்கள். மிஷினுக்கு விபூதிப் பட்டை போட்டீர்கள், சரி. சம்பளக் கணக்கு இருந்த பிளாப்பிகளையும் உறையிலிருந்து உருவி வாழை இலையில் பரப்பினீர்கள். பிளாப்பி என்பது கறுப்பாக, சதுரமாக, மெல்லிசாக இருக்கும். அதில் நீளமாக ஒரு துவாரம். அதன் வழியாகத்தான் மிஷின் படிக்கும். வேறு இடமே கிடைக்காத மாதிரி ஒவ்வொன்றுக்கும் அந்தத் துவாரத்திலேயே சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்தீர்கள். நான் கண்ணாடியைத் தட்டினேன்.

"சார், அதுல வைக்காதீங்க சார், படிக்காது!"

கதவை லேசாகத் திறந்து, "சுண்டல் அப்புறம் தருவாங்க, போ" என்றீர்கள்.

மறுபடி மிஷினைப் போட்டபோது ஒரு பிளாப்பியும் படிக்கவில்லை. ஆலை முழுக்கச் சம்பளம் நின்றது. பெரிய ஆபீசர் வந்து கத்தினார். "டிரெயினிங் பையன் அழுக்குக் காலோட உள்ள பூந்துட்டான் சார்" என்றீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேன் என்னைக் கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார். சர்டிபிகேட் இல்லை. படிப்பு அதோடு நின்றது. கூடப் படித்தவர்கள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தபோது, நான் பாடாலூரில் லாரி ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நீங்கள் இந்தப் பக்கத்துக்கே கம்ப்யூட்டரைக் கொண்டு வந்த முன்னோடியாம். போன வாரம் பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் உங்களுக்குச் சால்வை போட்டார்கள். "கிராமத்துப் பிள்ளைகளுக்கு நான் கதவைத் திறந்துவிட்டேன்" என்று பேசினீர்கள். கைதட்டல் வேறு. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரியலூரிலும் விழா எடுக்கப்போகிறார்களாம். அதற்கும் வருகிறேன், முன் வரிசைக்கே. மைக்கைப் பிடித்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லுங்கள்: நான் என்றைக்கு உள்ளே வந்தேன், சார்?