கொட்டாஞ்சேனையில் மாமா மெல்ல வாசித்தது

என் சின்ன மாமா ஒரு ரொக் குழுவில் கிட்டார் வாசித்தார். வெள்ளவத்தையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் அவர் அதைத் தொட்டாலே கீழ் வீட்டுக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் கீழிருந்து எங்கள் தரையை இடிப்பார். அதனால் பயிற்சியெல்லாம் கொட்டாஞ்சேனையில், டிரம்ஸ் அடிக்கும் நண்பரின் வீட்டில்தான். சனிக்கிழமைகளில் அம்மா என்னையும் கூட அனுப்பிவிடுவார். எட்டு வயதுப் பெண்பிள்ளை கூட இருந்தால் தன் தம்பி பொழுதுபடுவதற்குள் வீடு திரும்புவான் என்ற நம்பிக்கை.

எனக்கு மாமாவின் இரைச்சல் பிடிக்கும். நெஞ்சுக்குள் அதிரும். அந்த நண்பரின் தங்கையை நான் அக்கா என்று கூப்பிடுவேன். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரு காதையும் பொத்துவதுபோல் நடித்துக்கொண்டு போவார்.

அந்தச் சனிக்கிழமை நண்பர் வெளியே போயிருந்தார். கூடத்தில் பயணப் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. அக்கா கலியாணம் செய்ய மெல்பேர்ன் போகிறார் என்றார்கள். கேக் கிடைக்குமா என்பதுதான் என் யோசனை. மாமா தன் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. சுவரில் தொங்கிய பழைய மரக் கிட்டாரை இறக்கிச் சுருதி கூட்டி, வெறும் விரல்களால் மீட்டத் தொடங்கினார். அவர் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்டது. குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றார்.

எனக்கு அலுத்தது. பலமாக வாசிக்கச் சொன்னேன்.

“கொஞ்சம் பொறு பிள்ளை. இது முடியட்டும்.”

முடிவதாகத் தெரியவில்லை. மூலையில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். குமிழ்களையெல்லாம் கடைசிவரை திருகி, அதில் பூட்டியிருந்த மைக்கைக் கிட்டாருக்கு நேரே நீட்டினேன். வீடே கிழிவதுபோல் ஒரு கீச்சொலி. அக்கா திடுக்கிட்டார். பிறகு சிரித்தார். சிரித்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா பெட்டியை நிறுத்திவிட்டு, மரக் கிட்டாரைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார்.

இப்போது எங்காவது யாராவது கிட்டாரை மெல்ல மீட்டினால், கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு நின்று கேட்கிறேன். அந்த மெட்டின் மிச்சம் வராதா என்றிருக்கும். போன வருடம் தொலைபேசியில் மாமாவிடமே கேட்டேன். மறந்துபோய்விட்டது என்றார்.

அன்று திரும்பும்போது கோட்டையில் பஸ் மாறினோம். காலிமுகத்திடல் தாண்டியும் அவர் யன்னலை விட்டுத் திரும்பவில்லை. கோபமாக்கும் என்று நினைத்து, என் பக்கத்து நியாயத்தைச் சொன்னேன்.

“நான் மைக் பிடிக்காட்டி அக்காவுக்கு ஒண்டும் கேட்டிருக்காது, மாமா.”

“ஓம்” என்றார்.

எனக்கு நிம்மதியாகிவிட்டது. வெள்ளவத்தை வரும்வரை, அடுத்த சனிக்கிழமையும் அங்கே போவோமா என்று அவருடைய கையை இழுத்து இழுத்துக் கேட்டுக்கொண்டே வந்தேன்.