மருந்துக்கடைக்காரர் காட்டிய டாக்டர்

என் பழைய டாக்டர் கிளினிக்கை மூடப்போவதாகச் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "அப்ப என் ஃபைல் சார்?" என்பதுதான். பதினோரு வருஷம் என்னைப் பார்த்தவரிடம் அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அலமாரியிலிருந்து தடித்த ஃபைலை எடுத்துத் தூசி தட்டி என் மடியில் வைத்தார். "வயசாச்சும்மா. மக வீட்டுக்குப் போறேன். நல்ல டாக்டராப் பாத்துக்க" என்றார்.

எனக்கு முடக்குவாதம். முப்பத்து மூன்று வயதில் வந்தது. விரல் மூட்டுகளும் மணிக்கட்டும் வீங்கும். காலையில் கை இறுகிப்போய் ஒரு பிரஷ்ஷைக்கூடப் பிடிக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு ஸ்பெஷலிஸ்ட் பார்ப்பார். நடுவில் வருகிற காய்ச்சல், ரத்தப் பரிசோதனை, வயிற்றுப் புரட்டல், பயம் எல்லாவற்றுக்கும் குடும்ப டாக்டர்தான். ஆனையூரில் வீடு, பசுமலையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. நாள் முழுக்க போர்டில் எழுத வேண்டிய கை.

புது டாக்டரைத் தேடிப் போனோம். போனோம் என்றால் நானும் என் வீட்டுக்காரரும். பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். முதலில் பார்த்த டாக்டர் நல்ல வயசாளி. என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்தே பேசினார். "வீட்டம்மாவுக்கு எத்தன வருஷமா இருக்கு? தூங்குறாங்களா? சாப்புடுறாங்களா?" என் கணவர் ஒவ்வொன்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில் யாரோ மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது, கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கிளினிக். இளைஞர், சுறுசுறுப்பானவர். என் ஃபைலைத் திறக்கவே இல்லை. "பழைய மாத்திரையே கன்டினியூ பண்ணலாம்" என்று கம்ப்யூட்டரில் தட்டிச் சீட்டைக் கையில் கொடுத்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. மாத்திரை தீர்ந்துபோயிருந்ததால் அப்படியே எங்கள் தெரு முனை மருந்துக்கடைக்குப் போனோம்.

கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அக்கா, இந்த மாத்திரைய நீங்க எப்பப் போடுவீங்க?"

"ஞாயித்துக்கெழம ராத்திரி. வாரத்துக்கு ஒருக்கா."

"இதுல தினம் ஒண்ணுன்னு அடிச்சிருக்கு."

அந்த மாத்திரையைத் தினம் போட்டால் ரத்த அணுக்களே விழுந்துவிடும் என்று பழைய டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். அன்றைக்கு இருந்த அசதியில் நான் சீட்டை வாசித்திருக்கவே மாட்டேன். கடைக்காரர் அங்கேயே அந்தக் கிளினிக்குக்குப் போன் போட்டார். எடுத்தவர், டாக்டர் பிஸியாக இருக்கிறார், எழுதியபடி கொடுங்கள் என்று வைத்துவிட்டார்.

என் கணவர் கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்தால் சத்தம் போடுகிறவர்தான். அன்றைக்கு வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன்" என்றார் கடைக்காரர். "இருவத்தஞ்சு வருஷமாச் சீட்டு வாசிக்கிறேன். தப்பு எல்லாருக்கும்தான் வரும். நான் போன் போட்டா சில பேரு என்னையவே வைவாங்க. ஒரே ஒரு டாக்டரம்மா மட்டும், 'நல்ல வேளை சொன்னீங்கண்ணே, இந்தா மாத்தித் தாரேன்'னு சொன்னாங்க. மறுநாள் அந்தப் பேஷன்ட் எப்படி இருக்காருன்னு அவங்களே கேட்டும் போன் போட்டாங்க. அவங்ககிட்டப் போங்க."

ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுக்க இப்படியொரு வழி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த வாரமே போனோம். ஒரு வீட்டின் முன்னறைதான் கிளினிக். டாக்டருக்கு என்னைவிட ஏழெட்டு வயது குறைவாக இருக்கும். ஃபைலை வாங்கி முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் எதிரே சும்மா உட்கார்ந்திருந்தோம். வெளியே காத்திருந்தவர்களில் யாரோ, "உள்ள என்ன, தூங்கிட்டாகளா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அவர் நிமிரவில்லை. வாசித்து முடித்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு என் கைகளைத் தன் கைகளில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மூட்டாக மெல்ல அழுத்தினார். அழுத்தும்போது கையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலையில எந்திரிச்சா வெரல மடக்க எம்புட்டு நேரம் ஆகுதுக்கா?"

"ஒரு அரை மணி நேரம் ஆகும் டாக்டர்" என்றார் என் கணவர்.

டாக்டர் சிரித்தபடி, "நான் அக்காவக் கேட்டேண்ணே" என்றார்.

அத்தனை வருஷத்தில் யாரும் பதிலுக்காக அப்படிக் காத்திருந்ததில்லை. என் வாயில் உண்மை வந்துவிட்டது.

"ரெண்டு மணி நேரம்."

என் கணவர் என் பக்கம் திரும்பினார். "இவ ஆறு மணிக்கு அடுப்படியில நல்லாத்தான நிப்பா டாக்டர்?"

"நாலு மணிக்கு எந்திரிச்சிருவேன்" என்றேன். "வெந்நி வச்சு வாளியில கைய விட்டுட்டு உக்காந்திருப்பேன். இவுக முழிக்கையில கை கொஞ்சம் வந்திருக்கும்."

எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டார். பழைய கிளினிக் மூடியதிலிருந்து என்றேன். இன்னொன்றையும் சொன்னேன். வாரமாத்திரை போட்ட மறுநாள் குமட்டி எடுக்கிறது, திங்கட்கிழமை வகுப்பில் நிற்க முடியவில்லை, அதனால் சில வாரம் போடாமலே விட்டுவிட்டேன். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"குமட்டுனா யாருக்குத்தான் போடத் தோணும்?" என்றார் அவர். "இத முன்னமே சொல்ல ஒங்களுக்கு ஆளில்ல. அதான் விஷயம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுக்கு வழி இருக்கு. ஆனா ஒங்க ஒடம்புக்கு எது சரின்னு எனக்கு இப்பவே முழுசாத் தெரியல. ஸ்பெஷலிஸ்ட்கிட்டப் பேசிட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொன்னது எனக்குப் பயமாக இல்லை, ஆறுதலாக இருந்தது. மறுநாள் மதிய இடைவேளையில் பள்ளிக்கூட வராந்தாவில் நிற்கும்போது போன் வந்தது. மாத்திரையின் நாளை வெள்ளிக்கிழமைக்கு மாற்றி, குமட்டலுக்கு வேறொன்று சேர்த்து, ரத்தம் எடுக்க வேண்டிய நாளையும் நிதானமாகச் சொன்னார். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார், நான் பிள்ளைகளிடம் வாய்ப்பாடு கேட்பது மாதிரி.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் வண்டியை மெதுவாகவே ஓட்டினார். வண்டியை நிறுத்தியதும், "நாலு மணிக்கா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் விடிகாலையில் நான் எழுந்து போனபோது அடுப்படியில் விளக்கு எரிந்தது. வெந்நீரை விளாவி விரலை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் போகாத முகம். "சொல்றதுக்கு என்ன?" என்றார். என் கைகளை வாளிக்குள் விட்டு, பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு நாங்கள் ரொம்பப் பேசினோம், பெரும்பாலும் ஒன்றுமில்லாத விஷயங்கள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நோய் போய்விடவில்லை, அது போகிற நோய் இல்லை. ஆனால் காலை இறுக்கம் முக்கால் மணி நேரத்துக்குள் விட்டுவிடுகிறது. போன மழைக்காலத்தில் காய்ச்சலும் சளியும் பிடித்தபோது, டாக்டர் அந்த வாரம் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, தினமும் சாயங்காலம் போன் போட்டு மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு உடம்பு தேறி நான் மறுபடி போர்டில் எழுதினேன். எழுத்து கொஞ்சம் பெரிதாகிவிட்டது. கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கு அதில் சந்தோஷம்.

இந்தக் கோடையில் ஒரு வாரம் கிளினிக் பூட்டியிருந்தது. திருவாதவூரில் டாக்டரின் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். நாங்கள் இருவரும் மாதுளையும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு திருவாதவூருக்குப் போனோம். எங்களை வாசலில் பார்த்ததும் டாக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலை வாராமல், பழைய நைட்டியில் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றார். "வெயில்ல ஏன்க்கா வந்தீங்க?" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அவர் தோளைத் தொட்டேன். "நீங்க சாப்புட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

உள்ளே போய் எங்களுக்குக் காபி கொண்டுவந்தார். என் டம்ளரில் மட்டும் பாதிதான் இருந்தது, கனக்காமல் தூக்க. மிச்சத்தைத் தன் கையிலேயே இன்னொரு டம்ளரில் வைத்துக்கொண்டு நின்றார்.

கட்டிலில் படுத்திருந்த அப்பா எங்களை யாரென்று கேட்டார். "டாக்டரம்மாட்ட வைத்தியம் பாக்குறவங்கய்யா" என்றார் என் கணவர்.

பெரியவர் என் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எம் பொண்ணு நல்லாப் பாக்குதா?"

"அப்பா!" என்றார் டாக்டர்.

"நல்லாப் பாக்குறாங்கய்யா" என்றேன்.

"எங்கிட்டத்தான் சத்தம் போடுது, எந்திரிக்காத எந்திரிக்காதன்னு" என்று சொல்லிவிட்டு, பல்லில்லாத வாயால் சிரித்தார். டாக்டர் அவருடைய தலையணையைச் சரிசெய்தார். என் கணவர் ஒரு சாத்துக்குடியை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.