இடது பக்கக் கதவு

நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை. இதே கதையை யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால், ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுங்கள் என்று நானே அனுப்பி வைத்திருப்பேன். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தொழிற்பயிற்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஃபிட்டர் வகுப்பு எடுக்கிறேன். ஒரு போல்ட் தானாகக் கழன்றால் ஒன்று சரியாக முடுக்கவில்லை, இல்லை மரை தேய்ந்திருக்கிறது, மூன்றாவது காரணமே கிடையாது என்று வருடா வருடம் சொல்லிக்கொடுப்பவள். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். இன்றைக்கும் அது ஆறவில்லை.

வாடிப்பட்டியில் ஒரு வீட்டுக் கொட்டகையில் பழைய ஹெரால்டு கார் ஒன்று கிடக்கிறது என்று தெரிந்து போய்ப் பார்த்தேன். இரண்டே கதவு, சின்ன வண்டி, முன்பக்கம் மொத்தமும் சிப்பி மாதிரி தூக்கித் திறக்கும். ஓய்வு பெற்ற அரசு அதிகாரி ஒருவர், பெயர் தங்கராசு என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. இடம் அடைக்கிறது என்று கொடுத்துவிட்டார். லாரியில் ஏற்றி விளாங்குடியில் எங்கள் வீட்டு முன்னால் தகரக் கொட்டகை போட்டு நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் பாண்டி தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு ஒரே பிடிவாதம், புதுசாகப் பளபளவென்று ஆக்கக் கூடாது, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும், ஒரு ஸ்குரூ கூட மாறக் கூடாது. வகுப்பு முடிந்து நாலரை மணிக்கு வந்தால் இருட்டும் வரை அதுதான் வேலை.

ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் போனது. பழைய பெயிண்டைச் சுரண்டினேன், மேலே வெள்ளை, அடியில் பச்சை, அதற்கும் அடியில்தான் அசல் நிறம், நல்ல வானநீலம். தரையை வெட்டிப் புதுத் தகடு போட்டேன், இன்ஜினைக் கழற்றி மேஜைமேல் ஏற்றினேன். அப்புறம் கதவுக்கு வந்தேன். இடது பக்கக் கதவின் உள் அட்டையைப் பிரித்ததும் ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை. உள்பக்கம் கதவைத் திறக்கும் கைப்பிடியும் கண்ணாடியை இறக்கும் கைப்பிடியும் எப்போதோ கழன்று விழுந்தவை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கைப்பிடி மாட்டும் இரண்டு தண்டையும் ரம்பத்தால் அறுத்து, ஓட்டையின் மேல் தகடு வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அந்தப் பெயிண்ட் பச்சை. அதாவது வண்டி வந்த கொஞ்ச வருடத்திலேயே செய்த வேலை. நல்ல தொழில்காரன் செய்த வேலை, அதை வேறு சொல்ல வேண்டும்.

தங்கராசுவுக்குப் போன் போட்டேன்.

"சின்னப் பிள்ளைங்க தொறந்துரும்னு அப்பா அடைச்சிருப்பாரும்மா. அதப் போய்க் கேக்குறீங்க?" என்றார். "அத அப்படியே விட்டுருங்களேன்."

பிள்ளைகள் உட்காருவது பின்சீட்டில். பின்சீட்டுக்குக் கதவே கிடையாது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் வேலை முக்கியம் என்று இருந்துவிட்டேன். பழைய இரும்புக் கடை ஒன்றில் கிடந்த இன்னொரு ஹெரால்டிலிருந்து கதவுச் சாமான் மொத்தத்தையும் கழற்றி வந்து மாட்டினேன். கைப்பிடியைத் தண்டில் செருகி, குறுக்கே ஆணி மாதிரி ஒரு சின்ன இரும்புப் பின்னைத் தட்டி இறக்க வேண்டும், அவ்வளவுதான். திறந்தேன், மூடினேன், கண்ணாடியை ஏற்றி இறக்கினேன். வெண்ணெய் மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் காபியோடு போய்ப் பார்த்தால் இரண்டு கைப்பிடியும் ஓட்டுநர் சீட்டின் நடுவில் இருக்கின்றன. பக்கத்தில் இரண்டு பின், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, அடுக்கி வைத்த மாதிரி.

நான் என்ன நினைப்பேன்? பாண்டியைத்தான் நினைத்தேன். அவருக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது.

"ஏங்க, பிடிக்கலைன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. கழட்டி வச்சு வெளையாடாதீங்க."

"எனக்கு வேற சோலி இல்லையா கலா? ஒரு ஸ்குரூவ முடுக்கத் தெரியாதுன்னு நீதானே ஊரு பூராச் சொல்ற?"

அன்றைக்குச் சாயங்காலம் திரும்ப மாட்டினேன். காலையில் திரும்ப சீட்டின் மேல். வீட்டில் பெரிய சண்டை, அவர் சாப்பிடாமலே ஆபீஸ் போனார். மூன்றாவது முறை பின்னை இறக்கி, இரண்டு முனையையும் சுத்தியலால் அடித்து விரித்தேன். அறுக்காமல் எடுக்கவே முடியாது. கொட்டகையின் கிரில் கதவுக்குப் புதுப் பூட்டு, சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டு படுத்தேன். காலையில் பூட்டு பூட்டியபடி இருக்கிறது, சாவி கழுத்தில் இருக்கிறது, கைப்பிடிகள் சீட்டில் இருக்கின்றன. பின்னைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முனை விரிந்தது விரிந்தபடியே இருந்தது. அந்த முனையோடு அது எந்த ஓட்டை வழியாகவும் வெளியே வர முடியாது. இருபத்திரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தவள் சொல்கிறேன், முடியாது.

பாண்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பின்னை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி நேராக வாடிப்பட்டி போய்விட்டேன்.

தங்கராசு என்னை உட்காரச் சொல்லவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லி, அந்தக் கைப்பிடியை யாருக்காக அறுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் கறுத்துப்போனது.

"எங்கப்பாவுக்கு இந்த ஊருக்குள்ள எம்புட்டு மரியாதை தெரியுமா? பழைய தகரத்த வாங்கிட்டுப் போயி அவர அசிங்கப்படுத்தப் பாக்குறீங்களா? கெளம்புங்க."

கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் வந்திருப்பேன், பின்னால் செருப்புச் சத்தம். அவருடைய தங்கை ராஜாத்தி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அந்த வீட்டிலேயே இருப்பவர். மூச்சு வாங்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவுக்காகத்தான் தாயி அப்பா அறுத்தாரு" என்றார். வேறு எந்த முன்னுரையும் இல்லை.

நடுத்தெருவில் ஒரு வேப்பமர நிழலில் நின்றே சொன்னார். அம்மாவுக்குப் பிறந்த ஊர் அலங்காநல்லூர்ப் பக்கம். அங்கே போக விடவில்லை என்று ஒருநாள் வண்டி மெதுவாகப் போகும்போது கதவைத் திறந்து இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டாளாம். மறுவாரமே கைப்பிடியை அறுத்துவிட்டார். அதற்கப்புறம் அம்மா என்ன தப்புச் செய்தாலும் இதுதான் தண்டனை.

"கொழம்புல உப்புக் கூடினாலும் அம்புட்டுத்தான். வெளிய போற எடத்துல வெயில்ல நிப்பாட்டி, கண்ணாடிய ஏத்திட்டு, உள்ளயே இருடின்னு போயிருவாரு. அம்மா சத்தமே போட மாட்டாங்க. வேர்த்து ஊத்தும், அப்படியே உக்காந்துருப்பாங்க."

"ஏக்கா, டிரைவர் பக்கம் கைப்பிடி இருந்துச்சே. அந்தப் பக்கமா வந்துருக்கலாமே?"

ராஜாத்தியக்கா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. "அது அப்பா சீட்டு தாயி. அதுல காலு படலாமா?"

கடைசியில் டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணம். சித்திரை வெயில். மண்டபத்து வாசலில் அம்மாவை வண்டிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனவர், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, நாலு பேரிடம் பேசிவிட்டு வந்து பார்த்திருக்கிறார். மாரடைப்பு என்று ஊருக்குச் சொன்னார்கள். ராஜாத்தியக்காவுக்கு அப்போது பதினாலு வயது. ஊரே வந்து அப்பாவுக்கு ஆறுதல் சொன்னதாம்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்துப் போய்விட்ட ஒரு ஆளை என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்? வீட்டுக்கு வந்தபோது உச்சிவெயில். பெயிண்ட் காயட்டும் என்று பாண்டியின் உதவியோடு வண்டியைக் காலையிலேயே வெளியே தள்ளி நிறுத்தியிருந்தேன். கைப்பையைக் கூட வைக்கவில்லை, நேராகப் போய்க் கைப்பிடிகளை மாட்டினேன், புதுப் பின்னைத் தட்டினேன், இடது சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றினேன். ஏன் என்று கேட்காதீர்கள். அந்த அம்மாள் பட்டது என்ன என்று ஒரு பத்து நிமிடமாவது தெரிய வேண்டும் என்று தோன்றியது, கழற்றுகிறவன் என் கண் முன்னால் கழற்றட்டும் என்ற வெறியும் இருந்தது.

முதலில் வெறும் புழுக்கம்தான். அப்புறம் வேர்வை கண்ணில் இறங்கியது, மூச்சு பாதியிலேயே நின்றது. போதும் என்று கைப்பிடியைத் திருப்பினேன், அது சும்மா சுற்றியது. கண்ணாடிக் கைப்பிடியும் சும்மா சுற்றியது. அப்போதுதான் பக்கத்துச் சீட்டில் ஸ்பிரிங் சத்தம் கேட்டது. கிர்ர்ர் என்று மெதுவாக. திரும்பிப் பார்த்தேன், ஓட்டுநர் சீட்டு அமுங்கியிருந்தது. நல்ல கனத்த ஆள் உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி, நடுவில் ஆழமாக. வெற்றிலை வாடை வந்தது, புகையிலை போட்ட வெற்றிலை. யாரும் இல்லை. நம்பினால் நம்புங்கள், யாரும் இல்லை.

என் உடம்பு ஒடுங்கிக் கதவோடு ஒட்டிக்கொண்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் நான் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி அடக்கமாக உட்கார்ந்தேன், அந்த அம்மாள் உட்கார்ந்த மாதிரி. யாரும் சொல்லாமலே அப்படி உட்கார்ந்தேன். அதை உணர்ந்ததும்தான் எனக்கு வந்தது பாருங்கள் ஆங்காரம். செருப்புக் காலைத் தூக்கி அந்தச் சீட்டின் நடுவில் ஓங்கி வைத்தேன். மிதித்தேன். "எந்திரிடா நாயே" என்று கத்தியது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது. இரண்டாவது மிதிக்கு என் முதுகுக்குப் பின்னால் டக்கென்று சத்தம், இடது கதவு முழுசாகத் திறந்துகொண்டது, நான் மல்லாக்க வெளியே மண்ணில் விழுந்தேன். பாண்டி ஓடி வந்து தூக்கினார். கைப்பிடி கீழ்ப்பக்கமாகத் திரும்பி நின்றது. உள்ளிருந்து யாரோ திறந்துவிட்டால்தான் அப்படி நிற்கும்.

அதற்கப்புறம் கைப்பிடி கழலவே இல்லை. மூன்று மாதத்தில் வண்டி முடிந்தது. முதல் ஓட்டத்துக்கு ராஜாத்தியக்காவை வரச் சொன்னேன், அண்ணனுக்குத் தெரியாமல் வந்தார். இடது சீட்டில் ஏறுங்கள் என்றால் மறுத்துவிட்டு, நகர்ந்து பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். காலை எட்டு மணிக்கு அலங்காநல்லூர் ரோட்டில் போனோம். அவர் சொன்ன இடத்தில், அம்மா பிறந்த ஊருக்கு ரோடு பிரியும் விலக்கில் வண்டியை மெதுவாகத் திருப்பினேன், நான் தொடவில்லை, இடது கதவு திறந்தது. பிரேக் போட்டேன். வண்டி இடது பக்கம் கொஞ்சம் மேலே எழும்பியது, ஆள் இறங்கினால் எழும்பும் பாருங்கள், அந்த மாதிரி. சாலையில் ஒரு மாட்டுவண்டி கூட இல்லை. பின்னாலிருந்து ராஜாத்தியக்கா ரொம்ப நிதானமாகச் சொன்னார்:

"எறங்கிட்டாங்க. கதவச் சாத்திரு தாயி."

இதோடு முடிந்திருந்தால் நானே நல்ல கதை என்று சொல்லியிருப்பேன். முடியவில்லை. நான் குள்ளம், ஓட்டுநர் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டால்தான் காலுக்குப் பெடல் எட்டும். தினமும் காலையில் அது கடைசிவரைக்கும் பின்னால் தள்ளிக் கிடக்கிறது, ஒரு நெட்டை ஆளுக்குத் தோதாக. அம்மாள் இறங்கிவிட்டாள். அந்த ஆள் இறங்கவில்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்கிறேன். சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ தெரியாது. விடுமுறை நாளில் உச்சிவெயில் ஏறியதும் வண்டியைத் தெருவில் நிழலில்லாத இடத்தில் நிறுத்துகிறேன். இரண்டு கண்ணாடியையும் ஏற்றிவிடுகிறேன். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, விசிறியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். முக்கால் மணி நேரம் போல ஆகும். அப்புறம் ஹார்ன் சத்தம் கேட்கும். சின்னதாக, இரண்டு தரம். வாசலில் வந்து நிற்பவர் கதவைத் திறக்கச் சொல்லி அடிக்கிற மாதிரி மரியாதையாக. கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு தரம். பேட்டரி என் கால்மாட்டில் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பாண்டியால் தாங்க முடியவில்லை. "போதும் கலா. ஒரு தடவ போயித் தொறந்து விட்டுரு. கேக்க முடியல" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை. ராத்திரி தனியாக யோசிக்கும்போது என்னைக் கலங்கடிப்பது அந்தச் சத்தம் இல்லை. அது எப்போது கேட்கும் என்று மணி பார்த்துக்கொண்டு, தட்டில் சோற்றைப் போட்டு, ஆற அமரச் சாப்பிட உட்கார்ந்துவிடுகிறேனே, அதுதான்.