வலிக்காமல் பிடிக்கும் வித்தை தேடி, கோரமண்டலுக்கு

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் குடியாத்தத்தில் ரயில் ஏறினேன். அறுபதுகளின் கடைசி, மழை ஓய்ந்த கார்த்திகை. எனக்கு ஐம்பத்தொரு வயது. தங்க வயலுக்கு ஜூஜுட்சு என்ற ஜப்பானிய மல்வித்தை கற்கப் போகிறேன் என்று நான் வேலை பார்க்கும் தபாலாபீசில் யாரிடமும் சொல்லவில்லை. சிரித்திருப்பார்கள்.

என் மகன் குமாருக்கு இருபத்திரண்டு வயது. புத்தி பேதலித்து இரண்டு வருஷம் ஆகிறது. மாத்திரைக்கு அடங்காத நாட்களில் சுவரில் தலையை மோதிக்கொள்வான். தடுக்கப் போனால் அடிப்பான். தீபாவளிக்கு மறுநாள் தெருக்காரர்கள் அவனைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். மணிக்கட்டில் தோல் உரிந்து சீழ் வைத்தது. புண்ணுக்கு மருந்து போட்டபடியே என் மனைவி சரசா, "இனிமே யாரையும் கட்ட உடாதீங்க. நீங்களே புடிங்க" என்றாள்.

எப்படிப் பிடிப்பது? அவன் என்னைவிட ஒரு சாண் உயரம். பண்டிகைக்கு வந்திருந்த சரசாவின் தம்பி ஏழுமலைதான் வழி சொன்னான். "எங்க தங்க வயல்ல ஜோசப்புன்னு ஒருத்தர் கீறாரு மாமா. பட்டாளத்துல ஜூஜுட்சு கத்துக்கினவரு. அடிக்காம, எலும்பு ஒடைக்காம ஆளைத் தரையோட அமுக்கி வெச்சிடுவாரு."

பங்காரப்பேட்டையில் இறங்கி மாரிகுப்பம் வண்டிக்கு மாறினேன். கிளைப்பாதை மொத்தமே பத்து மைல்தான். எதிரே கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மைன்ல வேலைக்குச் சேர்ற வயசு இல்லியே உங்களுக்கு. இன்னாத்துக்கு வர்றீங்க?"

"மச்சான் வீட்டுக்கு" என்றேன். அதுவும் பொய் இல்லை.

தங்க வயலின் ஸ்டேஷன்களில் ஒன்றான கோரமண்டலில் இறங்கும்போது வெயில் உச்சியில் நின்றது. சுரங்கத்திலிருந்து கொட்டிய மண், புல் முளைக்காத வெளிறிய குன்றுகளாகக் கிடந்தது. அவற்றுக்கு மேலே ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் ஷாஃப்ட்டின் பெரிய சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டேஷன் வாசலில் பத்து பைசாவுக்கு ஒரு டீ குடித்துவிட்டு ஸ்கெலட்டன் என்ற சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புக்கு நடந்தேன். வரிசை வீடுகளில் ஒன்று ஏழுமலையுடையது. சுவரில் புத்தர் படம். அதன் கீழே எனக்குப் பாய் விரித்துவைத்திருந்தான்.

மாலையில் ஜோசப்பின் ஷிஃப்ட் முடிந்ததும் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த கூடத்துக்கு அழைத்துப் போனான். தென்னை நார் மெத்தைகளைப் பரப்பி, மேலே கித்தான் துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஜோசப்புக்கு முப்பது வயது இருக்கும். குட்டையான ஆள். சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை.

"இந்த வயசுல எதுக்கு சார்?"

சொன்னேன். அவர் குனிந்து கித்தான் துணியின் சுருக்கத்தை இழுத்துவிட்டார். பிறகு, "மொதல்ல நீங்க கீழ படுங்க. அவனுக்கு எப்டி இருக்கும்னு தெரியணும்" என்றார்.

என் மார்பின்மேல் குறுக்காகப் படுத்தார். ஒரு கை என் கழுத்துக்கு அடியில், மற்றது இடுப்பருகே. வலி இல்லை. ஆனால் மூச்சு பாதியில் நின்றது. கூரை என்மேல் இறங்குவதுபோல் இருந்தது. கத்திவிட்டேன். அந்த நேரம் பூமிக்குள் எங்கோ பாறை வெடித்துக் கூடத்தின் ஓடுகள் அதிர்ந்தன. பயிற்சிக்கு வந்திருந்த மற்றவர்கள் யாரும் அசையவில்லை; அவர்களுக்கு அது பழக்கம். "தாங்கலைன்னா தரையில தட்டுங்க, உட்டுடுவேன்" என்றார் ஜோசப். தட்டினேன். விட்டார்.

எழுந்து உட்கார்ந்ததும் அழுகை வந்தது. என் மகனுக்குத் தட்டத் தெரியாது. தட்டினாலும் என்னால் விட முடியாது.

சனிக்கிழமை இரண்டு வேளையும் பயிற்சி. "நான்தான் உங்க பையன். புடிங்க" என்று ஜோசப் திமிறுவார். புரட்டிப் போடுவார். விழுவேன். முப்பது வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து தபால் முத்திரை குத்திய உடம்பு. இடது முழங்கால் வீங்கிவிட்டது. ஏழுமலையின் வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள்.

"போதும் மாமா, ஊருக்குப் போயிடுங்க" என்றான் அவன்.

"போய்?" என்று கேட்டேன். அவன் ஆறிப்போன வெந்நீரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு, முதல் தடவையாக ஜோசப்பைப் பிடித்தேன். கையால் பிடிக்காமல் எடையால் பிடிக்க வேண்டும் என்பது அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. அவர் இடதுபக்கம் புரண்டார். நான் கூடவே நகர்ந்தேன். காலை உதைத்தார், நான் விடவில்லை. கடைசியில் அவர் தரையைத் தட்டினார். எனக்குக் காது அடைத்துப் போயிருந்தது.

"நெஜமாவே திமிறினீங்களா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "திமிறினேன் சார். ஆனா நான் யோசிச்சுத் திமிறுறேன். அவன் யோசிக்க மாட்டானே." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு வயசு ஏறிக்கினே போவும். அதுக்கு எங்கிட்ட வித்தை இல்ல" என்றார். குரலில் இரக்கம் இருந்தது; நம்பிக்கை இல்லை.

திங்கள் காலை வண்டியில் திரும்பினேன். கோரமண்டலில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஷிஃப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கூண்டில் ஏறிப் பூமிக்குள் போகிறவர்கள் மாலையில் மேலே வந்துவிடுகிறார்கள். அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் மெத்தை கிடையாது, சிமெண்டுத் தரை. மறுவாரம் புதன்கிழமை பிற்பகல் குமாருக்கு வெறி வந்தது. சுவருக்கும் அவனுக்கும் நடுவே புகுந்து, இடுப்பைக் கட்டிக் கீழே சாய்த்து, மார்பின்மேல் குறுக்காகப் படுத்தேன். அவனுக்கு ஜோசப்பைவிட மூன்று பங்கு பலம். முழங்காலில் ஏதோ அறுந்ததுபோல் வலித்தது. சரசா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து அவன் தலைக்கடியில் தலையணையைத் தள்ளினாள்.

"விடுப்பா, மூச்சு முட்டுதுப்பா, விடுப்பா" என்று அவன் கெஞ்சினான்.

விடவில்லை. அவன் அடங்கித் தூங்கிய பிறகும் என் கை தானாகப் பிரியவில்லை. சரசாதான் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை குமார் தெளிவாக இருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இட்லி சாப்பிட்டுக்கொண்டே நான் நடப்பதைப் பார்த்தான்.

"ஏம்பா நொண்டுறே?"

"கீழே விழுந்துட்டேன்."

"வயசாயிடுச்சில்ல, பாத்து நடப்பா" என்றான்.