என் மனுவுக்கு எதிராளியின் பதில்

எங்கள் வீட்டு வழக்கு கோலார் கோர்ட்டில் விசாரணைக்கு வந்த காலையில், நான் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்க வாசலில் நின்றிருந்தேன். உள்ளே பாறை சரிந்து என் மகன் சிக்கியிருந்தான். ஆளேற்றும் கூண்டு மேலே வந்து பிள்ளையின் முகம் தெரியும்வரை எங்கள் ஊரில் எந்தத் தாயும் அங்கிருந்து நகரமாட்டாள். மாலையில் அவன் உயிரோடு வந்தான். ஆனால் நான் ஆஜராகாததால், வீடு எதிராளியான பக்கத்து வீட்டுக்காரருக்கே என்று கோர்ட் தீர்ப்பளித்துவிட்டது.

தக்க காரணம் காட்டினால் அப்படிப்பட்ட தீர்ப்பை ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமுண்டு என்றார் பிறகு நான் அமர்த்திய வக்கீல். மனுப் போட்டேன்.

"ஆட்சேபணை உண்டா?" என்று முன்சீப் கேட்டதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "காரணமே பொய்" என்றார். 

பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கிட்டுத் தன் வக்கீலிடம் சொன்னார்: "நீங்க குந்துங்க சாமி. கோர்ட்டுக்குப் பொறப்படறப்பவே பாத்தேன், இந்தம்மா சொரங்க வாசல்லதான் அழுதுனு நின்னுச்சு. வூடு எனக்கு வோணும்தான். அதுக்காவ புள்ளைக்காக நின்னத தப்புன்னுவேனா?"

தீர்ப்பு ரத்தானது.

வெளியே வந்ததும், "கேஸுல வுட்டுக்குடுக்க மாட்டேன், தெரிஞ்சுக்கம்மா" என்றார்.

"நானும்தாண்ணே" என்றேன்.

மகன் ஷிப்டுக்கு இறங்கும்போது இன்றும் நான் சுரங்க வாசல்வரை கூடவே போகிறேன். வழக்கும் முடியவில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போக இப்போது பயமில்லை. உண்மை பேசும் ஒருவர் எதிர்ப்பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.